கமாவையும் சேர்த்துப் படித்த குரல்

கல்யாணப் பத்திரிகையை யார் கொண்டுவந்து நீட்டினாலும் என் கண் முதலில் முகூர்த்த நேரத்துக்குப் போகாது. மேலே ‘திரு’ என்று போட்டவர்கள் கீழே ‘திருவாளர்’ என்று மாற்றியிருக்கிறார்களா, ஒரு இடத்தில் மாதம் முன்னால் வந்து இன்னொரு இடத்தில் பின்னால் போயிருக்கிறதா என்றுதான் பார்க்கும். கொடுத்தவர் “அவசியம் வந்துடணும்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் மனசுக்குள் அடித்துத் திருத்திக்கொண்டிருப்பேன். சிலரிடம் வாய்விட்டே சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. “இவளுக்குப் பத்திரிகை வைக்காதீங்க, போன்ல சொன்னா போதும்” என்று என் அண்ணி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். புத்தி அப்படி. பிழைப்பும் அதுதான்.

சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பல ஊர்ப் பல்கலைக்கழகங்களின் வெளியீடுகளைத் திருத்தி அச்சுக்குத் தயார் செய்து கொடுப்போம். ஆண்டறிக்கை, கருத்தரங்க மலர், அஞ்சல்வழிப் பாடம், ஆய்வு நூல் எல்லாம் வரும். நாலைந்து பேராசிரியர்கள் சேர்ந்து எழுதிய புத்தகம் என்றால் நாலைந்து விதமாக இருக்கும். ஒருவர் ‘பல்கலைக்கழகம்’ என்று சேர்த்து எழுதுவார். அடுத்தவர் நடுவில் இடம் விட்டு இரண்டாக உடைப்பார். மூன்றாமவர் ‘யுனிவர்சிட்டி’ என்றே எழுதிவிட்டுப் போய்விடுவார். ஒருவர் தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி வைப்பார், ஒருவர் வைக்கமாட்டார். துணைநூல் பட்டியலை அவரவர் மனம்போல அடுக்கியிருப்பார்கள். அத்தனையையும் ஒரே கை எழுதியதுபோல ஆக்க வேண்டும். நாங்கள் கை வைத்ததே படிக்கிறவர் கண்ணில் படக் கூடாது. அப்படிப்பட்ட வேலை.

இந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்க வேண்டும். இன்னொருவர் அச்சுப்படியில் கண்ணை ஓட்டிக்கொண்டு பென்சிலால் குறிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் படிக்கிறவள் அவள், பார்க்கிறவள் நான். என்னைவிட இளையவள். நான் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவளுக்குச் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில். கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்து, வடக்கு வீதிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தாள். அவள் கணவர் காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ்மில்லில் கணக்குப் பார்த்தார், தினமும் டவுன் பஸ்ஸில் போய்வருவார். ஒரே மகள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை அக்கா என்றாள். நான் அதுவரை யாருக்கும் அக்கா இல்லை. வீட்டில் கடைக்குட்டி, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்த ஒரு சொல்லில் அவள் என்னை வளைத்துப் போட்டுவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் படிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் படிக்கும்போது உணர்ச்சி கூடாது. ஏற்றி இறக்கிப் படித்தால் கேட்கிறவர் காது வாக்கியத்தோடு போய்விடும், விட்டுப்போன எழுத்து தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே தொனியில் படிக்க வேண்டும், குறிகளையும் சேர்த்து. “துணைவேந்தர் அவர்கள் கமா இவ்விழாவில் கலந்துகொண்டு கமா சிறப்புரை ஆற்றினார் புள்ளி பத்தி” என்று படிப்பாள். வாழ்த்துரையோ இரங்கலுரையோ, அவள் வாயில் எல்லாம் ஒன்றுதான். குரல் என்னவோ நல்ல கனமான, தேன் மாதிரியான குரல். மாடிப்படி ஏறும்போதே, ஃபேன் சத்தத்தையும் மீறி, அந்தக் குரல் கீழே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும். மருந்துக்கடைக்காரர் ஒருநாள் என்னைக் கேட்டார், “மேல டியூஷன் எடுக்கறீங்களாம்மா? கமா கமான்னு ஒரே சத்தமா இருக்கு.”

நாளாக நாளாக அந்தப் பழக்கம் எங்கள் பேச்சிலும் ஏறிவிட்டது. “அக்கா கமா டீ சொல்லவா கேள்விக்குறி” என்பாள். என்னோடு வாக்குவாதம் முற்றினால், “நான் சொன்னது சொன்னதுதான், புள்ளி” என்று எழுந்து போய் ஜன்னல் பக்கம் நிற்பாள். மகளோடு போனில் பேசி முடிக்கும்போது “சரி, வேல இருக்கு, பத்தி” என்று வைத்துவிடுவாள். வீட்டுக்காரர் வந்தால் இதெல்லாம் கிடையாது. அவருக்கு இது பிடிக்காது, ஆபீஸ் பைத்தியம் என்பார்.

தூரத்து ஊரிலிருந்த ஒரு பல்கலைக்கழகம், தன் வெளியீடுகள் எல்லாம் இனி ஒரே சீராக வர வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கான விதிகளை ஒரு கையேடாக எழுதித் தரச் சொல்லி எங்களிடம் கொடுத்தது. எத்தனையோ வருஷமாக அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்த எங்களுக்கு, நாங்களே எழுதும் புத்தகம். தலைகால் புரியவில்லை. விதிகளை நான் எழுதினேன். எடுத்துக்காட்டு வாக்கியங்களை அவளிடம் விட்டேன். எனக்கு விதி சொல்ல வரும், வாழ்க்கையில் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியம் எழுத வராது.

அவள் அத்தனை எடுத்துக்காட்டுகளையும் தன் வீட்டிலிருந்தே எடுத்தாள். எண்களுக்கான விதிக்குக் கீழே, மில்லிலிருந்து வந்த அரிசி மூட்டைகள். மேற்கோள்குறிக்குக் கீழே, வீட்டுக்காரர் சாம்பாரைப் பற்றிச் சொன்ன குறை. ஒருவரை விளித்துப் பேசும்போது விளித்த சொல்லுக்குப் பின் கமா வேண்டும் என்று நான் எழுதிய விதிக்குக் கீழே, ‘பாப்பா, சாப்பிட்டியா?’ என்று எழுதியிருந்தாள். மகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள், இன்னும் அவளுக்குப் பாப்பாதான். தினமும் மத்தியானம் எங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் அவள் போனில் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அந்தப் பக்கத்திலிருந்து ஆச்சு என்று பதில் வராமல் இவள் பாக்ஸைத் திறக்கமாட்டாள். நான் பசியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“இந்த எடத்துல எதுக்கு கமான்னு படிக்கிறவங்களுக்குப் புரியுமா?” என்று கேட்டேன்.

“இன்னாக்கா புரியாம? கூப்புட்டா அது திரும்பிப் பாக்கணும் இல்ல? அது திரும்புற வரைக்கும் நாம நிக்கணும். அதுக்குத்தான் கமா” என்றாள்.

நான் அரைப் பக்கத்தில் எழுதியிருந்த விளக்கத்தை அடித்துவிட்டு அவள் சொன்னதையே எழுதினேன்.

கையேட்டின் அச்சுப்படி வந்த சமயத்தில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டுப் போட்டுக் கடலூரில் வீட்டோடு கிடந்தேன். வேலை நிற்கக் கூடாதே. அச்சுப்படியை எனக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அவள் சிதம்பரத்தில் உட்கார்ந்து மூலத்தைப் படித்து, போனில் பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்புவாள். நான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அதைக் கேட்டபடியே பார்ப்பேன். இருமினாலோ, பக்கத்துக் கடையில் யாராவது சத்தம் போட்டாலோ, அவள் அந்தப் பதிவை அழித்துவிட்டு முதலிலிருந்து படிப்பாள். “சுத்தமா இருக்கணும்க்கா, நீங்க பாக்கும்போது மனசு சிதறக் கூடாது” என்பாள். அப்படியே துடைத்துவிட்டதுபோல் இருக்கும் அவள் அனுப்புவதெல்லாம். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு ‘அய்யோ’ இல்லை.

அந்தப் பதிவுகளில்தான் முதலில் கரகரப்பு கேட்டது. சளி என்றாள். பனங்கற்கண்டு போட்டுப் பால் குடித்தாள், மிளகு மென்றாள், சித்த வைத்தியரிடம் போய் ஏதோ லேகியம் வாங்கிவந்தாள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. நான் நடக்க ஆரம்பித்து அலுவலகம் போனபோது, மாடிப்படியில் என்னைக் கூட்டிப்போக அந்தக் குரல் வரவில்லை. மேலே போய்ப் பார்த்தால் அவள் உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேராசிரியர்கள் கையேட்டைப் பார்வையிட வந்தார்கள். மரியாதையான மனிதர்கள். விதிகளை எல்லாம் பாராட்டினார்கள். மூத்தவர் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார், “எடுத்துக்காட்டெல்லாம் கொஞ்சம் வீட்டுப் பேச்சா இருக்கு. பல்கலைக்கழக வெளியீடு பாருங்க. ‘பாப்பா, சாப்பிட்டியா’ன்னு போட்டா நல்லாருக்குமா?”

அவள் பொதுவாக இந்த மாதிரிக் கூட்டங்களில் வாயே திறக்கமாட்டாள். அன்றைக்குத் திறந்தாள். “சார், தெனம் வாயில வர்ற வாக்கியத்த வச்சிதான சார் ஒண்ண வெளக்க முடியும்? படிக்கிறவங்க அம்மா அவுங்களக் கூப்புட்டிருப்பாங்க இல்ல?” என்று அந்தக் கிழிந்த குரலில் சொன்னாள். பாதிச் சொற்கள் காற்றாகப் போயின. அவர் புரிந்துகொள்ள முன்னால் குனிந்து கேட்டார். கேட்டுவிட்டு, “நீங்க சொல்றது சரிதாம்மா, ஆனா மேலிடத்துல ஒத்துக்கமாட்டாங்க” என்றார். அத்தனை எடுத்துக்காட்டும் மாறியது. அந்த இடத்தில் ‘மாணவர்களே, வருக’ என்று வந்தது. அவர்கள் போன பிறகு அவள், “எந்த வாத்தியாரு வாயில வருக வருதாம்?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் சத்தம் வரவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சண்டை பிடித்து அனுப்பினேன்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். குரல்வளையில் புற்று. உயிர் பிழைக்க வேண்டும் என்றால் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவள் கேட்ட முதல் கேள்வி, “நெறய சத்தமா படிச்சதாலயா சார்?” என்பது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா என்று அவர் அடித்துச் சொன்னார். என்னைத் திரும்பிப் பார்த்து, “கேட்டுக்குங்கக்கா” என்றாள். எனக்காகத்தான் கேட்டிருக்கிறாள்.

மகள் சென்னையிலிருந்து லீவு போட்டு வந்துவிட்டாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் பின்னாலேயே திரிந்தாள். “எதுனா பேசும்மா. என்னக் கூப்புடு, அது போதும். நாளைக்கு எனக்குக் கேக்கணும்னா என்கிட்ட ஒண்ணுமே இல்லம்மா” என்று கெஞ்சுவாள். இவள் பிடிகொடுக்கவில்லை.

“நான் இன்னா சாவவா போறேன்? பேசி வச்சிட்டுப் போறதுக்கு? ஆபரேஷனுக்கு மொத நாளு பேசறேன். இப்ப தொண்டை சரியில்ல, நல்லா வராது.”

நல்லா வராது என்பதுதான் நிஜமான காரணம் என்று எனக்குத் தெரியும். இந்தக் கிழிந்த குரலில் ஒன்றைப் பதிந்து கொடுப்பது அவளால் முடியாது. மகளுக்காக இருந்தாலும் முடியாது. “தொண்ட கிடக்குது, கூப்புட்டு வை” என்று நானும் சொன்னேன். “நீங்க சும்மா இருங்கக்கா, புள்ளி” என்றாள்.

அந்த மொத நாள் வரவே இல்லை. குறித்த தேதிக்குச் சில நாள் முன்பு விடியற்காலையில் அவளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. கட்டி வழியை மறித்துவிட்டது. ஆம்புலன்ஸில் போட்டுக்கொண்டு போய், நேரே கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். அதிலிருந்து ஆபரேஷன் வரை, அதற்குப் பிறகும், அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் பாண்டிச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது. “பேசறேன்னு சொன்னாங்க பெரியம்மா” என்றாள். அவள் அம்மாவுக்கு அக்கா என்பதால் எனக்கு அந்த உறவு. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

உடம்பு ஓரளவு தேறி அவள் திரும்ப வேலைக்கு வந்தாள். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி கட்டியிருப்பாள். இப்போது நான் படிக்கிறவள், அவள் பார்க்கிறவள். நான் படிப்பது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. எனக்குத் தட்டையாகப் படிக்க வராது, கோபம் வந்தால் குரல் ஏறும், நகைச்சுவை வந்தால் சிரித்துவிடுவேன். அப்போதெல்லாம் பென்சிலால் மேஜையைத் தட்டுவாள். கமாவை விழுங்கினால் இன்னும் பலமாகத் தட்டுவாள். மத்தியானம் மகளுக்குப் போன் போட முடியாது. மெசேஜ் அடிப்பாள். பதில் வந்த பிறகுதான் பாக்ஸைத் திறப்பாள். நான் முறைப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் ஏதோ தேடும்போது என் போனில் அவள் அனுப்பிய பழைய பதிவு ஒன்றில் விரல் பட்டு, அந்தக் குரல் அறையில் ஒலித்தது. இலக்கங்களைப் பற்றிய அத்தியாயம். நான் பதறி நிறுத்தப் போனேன். அவள் என் கையைப் பிடித்து, தானே போனை வாங்கி, அணைத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். ஒரு தாளில் ‘வேண்டாம்க்கா’ என்று எழுதிக் காட்டினாள். கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பதிவுகளைப் பற்றி நாங்கள் பேசவும் இல்லை, நான் யாரிடமும் சொல்லவும் இல்லை.

கையேடு புத்தகமாக வந்தது. அவள் விரலால் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தாள். ‘மாணவர்களே, வருக’ வந்த இடத்தில் மூக்கைச் சுளித்தாள். கொஞ்ச நாளில் வியாதி திரும்ப வந்துவிட்டது. கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், கீமோ கொடுத்தார்கள். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாள். ஐப்பசி மழையில் ஒரு காலை போய்ச் சேர்ந்தாள். எனக்குச் செய்தி சொன்னது அவள் வீட்டுக்காரர். “உங்க தங்கச்சி போயிட்டா” என்றார். பஸ்ஸில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை அழுதுகொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா யாரு, எவரு என்று எதுவும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். ரைஸ்மில்காரர்கள் அவசரமாக அடித்தது. பிறந்த தேதியில் மாதம் எழுத்தில் இருந்தது, மறைந்த தேதியில் இலக்கத்தில். அவள் பெயருக்கு முன் தலைப்பெழுத்து புள்ளியோடு இருந்தது, கணவர் பெயருக்கு முன் புள்ளி இல்லாமல். மேலே ‘அஞ்சலி’, கீழே ‘அஞ்சலீ’. ஒரே சீராக்குவதற்கே வாழ்ந்தவளுக்கு இப்படி ஒரு பேனர். நடு ரோட்டில் நின்றுகொண்டு என் கண் ஒவ்வொன்றாகக் குறித்தது. அதை நிறுத்த முடியவில்லை. யார் மீதோ ஆத்திரமாக வந்தது. யார் மீது என்று தெரியவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்கவும், திட்டவும் எனக்கு ஒரே ஒருத்திதான் இருந்தாள், அவள் உள்ளே ஐஸ் பெட்டியில் கிடந்தாள்.

காரியம் எல்லாம் முடிந்து, சென்னைக்குத் திரும்பும் வழியில் மகள் கடலூரில் என் வீட்டுக்கு வந்தாள். மத்தியானம் கடந்துவிட்டிருந்தது. வாசலிலேயே, “சாப்ட்டியாம்மா?” என்று கேட்டேன். “ஆச்சு பெரியம்மா, சிதம்பரத்துலயே சாப்ட்டுட்டேன்” என்றாள். முகம் வாடிக் கிடந்தது. அழுத முகம் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “உங்க போன்ல எங்க அம்மா பேசுனது எதுனா இருக்கா பெரியம்மா? கல்யாண வீடியோ ஒண்ணு இருக்கு, அதுல மேளச் சத்தந்தான் கேக்குது. அப்பாகிட்ட ஒண்ணும் இல்ல. என்கிட்டயும் இல்ல. எங்கம்மா எப்படிப் பேசுவாங்கன்னு எனக்கு மறந்து போயிடும் போல இருக்கு.”

வேண்டாம்க்கா என்று அவள் எழுதிக் காட்டியது என் கண்முன் வந்தது. ஆனால் கேட்பது பாப்பா. அவள் கேட்டால் என் தோழி எதையாவது இல்லை என்று சொல்லியிருக்கிறாளா, அந்த ஒரு தரத்தைத் தவிர?

“இருக்கு. ஆனா அது பேசுறது இல்லம்மா. ஆபீஸ் வேலை, படிச்சிருக்கா. நீ நெனைக்கிற மாதிரி இருக்காது” என்றேன். போனை மேஜை மேல் வைத்து, கையேட்டின் முதல் அத்தியாயத்தைப் போட்டேன்.

“அத்தியாயம் ஒன்று பத்தி தலைப்பு தடித்த எழுத்து கமா நடுவில்” என்று அவள் குரல் ஆரம்பித்தது. மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கைகள் மெல்ல இறங்கின. தேதிகளை எழுதும் முறை, துறைகளின் பெயர்களைச் சுருக்கும் முறை, அடிக்குறிப்பு எங்கே வர வேண்டும், எதில் முற்றுப்புள்ளி வேண்டாம். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்தப் பெண் எதையோ எதிர்பார்த்துக் காத்துக்கொண்டே இருந்தாள். ஒரு இருமல், ஒரு சிரிப்பு, யாரையாவது அதட்டுவது. ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் அவள் அம்மா துடைத்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தாள்.

“இது எங்கம்மா மாதிரியே இல்லையே பெரியம்மா. ரயில்வே ஸ்டேஷன்ல சொல்ற மாதிரி இருக்கு” என்றாள். குரல் உடைந்தது. “கூப்புடும்மான்னு அவ்ளோ கேட்டேன்.”

எழுந்து போய்விடாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த பதிவைப் போட்டேன். அதற்கு அடுத்தது. எந்த அத்தியாயம் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். அச்சில் வந்த புத்தகத்தில் அந்த வரி இல்லை. ஆனால் இவள் படித்தது பேராசிரியர்கள் வருவதற்கு முன்னால்.

குரல் கரகரக்க ஆரம்பித்திருந்தது. “விளிச்சொல்லுக்குப் பின் கமா இட வேண்டும் புள்ளி” என்று நான் எழுதிய விதியை என் தோழி படித்தாள். “எடுத்துக்காட்டு” என்றாள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

“பாப்பா.”

அந்தப் பெண் சட்டென்று போன் பக்கம் திரும்பினாள்.

“கமா” என்றது குரல், அதே தட்டையான தொனியில். “சாப்பிட்டியா. கேள்விக்குறி.”

மகள் மேஜையைப் பார்த்தபடி, சின்னக் குரலில், “இன்னும் இல்லம்மா” என்றாள்.

குரல் அடுத்த விதிக்குப் போய்விட்டது. நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து, தோசைக்கல்லைப் போட்டேன்.